உஷார்! பிரசவத்தோடு சர்க்கரை போய்விடவில்லை

கர்ப்பத்தில் சர்க்கரை ஏறிய பெண்ணுக்குக் குழந்தை பிறந்த கையோடு காதில் விழும் இனிப்பான செய்தி: "சுகர் நார்மல்மா!" ஆஸ்பத்திரிகளுக்குக் குறைவில்லாத நம் சென்னை வடபழனியிலும் அதைக் கேட்டு நிம்மதியாக வீடு திரும்பும் தாய்மார்கள் நிறையப் பேர். குளுக்கோமீட்டர் பீரோவுக்குள் போகிறது, ஃபைல் பரணுக்குப் போகிறது. ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

என்ன நடக்கிறது தெரியுமா? நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது உண்டு. பெரும்பாலோரின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும். சமாளிக்க முடியாதவர்களுக்குத்தான் கர்ப்பகால நீரிழிவு. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் சுமை இறங்குகிறது, சர்க்கரையும் இறங்குகிறது. ஆனால் கணையத்தின் பலவீனம் அப்படியே இருக்கிறது. 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2020-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு சொல்வது: கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறக்குறைய 10 மடங்கு.

இதில் வேதனை என்னவென்றால், கர்ப்பகாலச் சர்க்கரையைத் தேடிப் பிடிப்பதில் இந்தியாவுக்கே வழிகாட்டியது சென்னைதான். வெறும் வயிறாக வர வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால் போதும். 140-ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு என்ற எளிய முறையைப் பரப்பியவர் டாக்டர் வி. சேஷய்யா. அவர் பிறந்த நாளான மார்ச் 10-தான் தேசியக் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை இவ்வளவு அக்கறை. பிரசவம் முடிந்ததும் தாயின் சர்க்கரையைக் கேட்பார் இல்லை!

குழந்தைக்கு 45-ம் நாள் தடுப்பூசியை எந்த வீடும் மறப்பதில்லை. தாய்க்கும் பிரசவமான ஆறாவது வாரத்தில் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனை அவசியம். இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வருகின்றன. ஆனால் அப்போது பெண் தாய்வீட்டில் இருப்பாள், ஃபைல் புகுந்த வீட்டில் இருக்கும். ஊர் மாறி, டாக்டர் மாறி, பரிசோதனையும் கைவிட்டுப் போகிறது. எங்கே இருந்தாலும் ஃபைலைக் கையில் வைத்திருங்கள். இந்தப் பரிசோதனைக்கு மட்டும் வெறும் வயிற்றோடு போங்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்தில் 200 என்ற அளவை எட்டினால் அது சர்க்கரை நோய். இரண்டு மணி நேர அளவு 140-லிருந்து 199-க்குள் இருந்தால் எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி-யை மட்டும் இப்போது நம்பாதீர்கள். பிரசவ ரத்தப்போக்கும் ரத்தசோகையும் அந்தக் கணக்கைக் குழப்பிவிடும்.

அடுத்தது அடுப்படி. பிள்ளை பெற்றவளுக்கு வெல்லமும் நெய்யும் போட்டுக் கிளறிய லேகியம், ராத்திரி சர்க்கரை போட்ட பால், "பால் ஊறணும், இன்னும் ரெண்டு கரண்டி சாதம் போட்டுக்கோடி" என்ற அம்மாவின் பாசம். அந்தப் பாசத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் கருப்பட்டியானாலும் நாட்டுச் சர்க்கரையானாலும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். மாவாக்கிக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சியும் வேகமாக ஏற்றும். சாதத்துக்குப் பதில் நாலு சப்பாத்தி என்பதும் ஏமாற்றுதான். பட்டினியும் வேண்டாம், பால் கொடுக்கும் உடம்புக்கு நல்ல சாப்பாடு தேவை. தட்டில் பாதி கீரை, அவரை, புடலை என்று காயாக இருக்கட்டும், முட்டை, மீன், பாசிப்பயறு, சுண்டல் கால் பங்கு, மிச்சம்தான் சாதம். குழந்தை மிச்சம் வைத்த பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை முளையிலேயே கிள்ளுங்கள். தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பிற்காலச் சர்க்கரைக்கு அதுவும் ஒரு தடுப்பு.

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கே.கே. நகர் சிவன் பூங்காவில் ஒரு மணி நேரம் நடக்க எல்லோராலும் முடியாது. டாக்டர் சரி என்றதும், சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் மொட்டை மாடியிலோ தெருவிலோ நடங்கள். அந்தப் பத்து நிமிடம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியது வீட்டு ஆண்களின் கடமை, சலுகை அல்ல.

'அப்புறம் பார்த்துக்கலாம்' என்பவர்களுக்கு ஒரு கணக்கு. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் கர்ப்பகால நீரிழிவு வந்து போன பெண்களிடம் நடத்திய ஆய்வு 2022-ல் வெளியானது. சுமார் 14 மாதங்களிலேயே நாலில் ஒருவருக்குச் சர்க்கரை நிலை மோசமாகிவிட்டது. அவர்களில் ஒரு பிரிவினருக்குச் சில வகுப்புகளும் அறிவுரைகளும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. காதால் கேட்ட அறிவுரை மட்டும் போதாது. அமெரிக்காவில் எடையைக் குறைத்து, வாரம் 150 நிமிடம் விடாமல் நடக்க வைத்த ஆய்வில், கர்ப்பகால நீரிழிவு வந்திருந்த பெண்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

வருடம் ஒருமுறை ரத்தம் பாருங்கள். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே சர்க்கரையைப் பாருங்கள். ஆறாவது வாரப் பரிசோதனையைத் தவறவிட்டவர்கள், குழந்தைக்கு இப்போது இரண்டு வயதானாலும் ஐந்து வயதானாலும் சரி, இந்த வாரமே போய்ப் பாருங்கள்.