மாடியில் எந்த மூலை?

வீட்டுக்குப் புதிதாக ஒரு சாமான் வந்தால், வாங்கிய செலவைப் பற்றிக்கூட அவ்வளவு சண்டை வராது. அதை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை வரும். மாவு அரைக்கும் இயந்திரமாகட்டும், துணி துவைக்கும் இயந்திரமாகட்டும், ஆளுக்கு ஒரு மூலையைக் காட்டுவார்கள். கடைசியில் எந்த மூலையில் வைத்தாலும் மாவு அரைபடும், துணி வெளுக்கும்.

வைக்கிற இடத்தைப் பொறுத்து மெய்யோ பொய்யோ பேசுகிற சாமான் ஒன்று இருக்கிறது. அதுதான் வீட்டு வானிலைக் கருவி. இப்போது அது பல வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. வெளியே ஒரு பாகம், கூடத்தில் ஒரு பாகம். வெளியே இருப்பது உஷ்ணம், காற்றிலுள்ள ஈரம், மழை, காற்றின் வேகம், திசை ஆகியவற்றை அளந்து கம்பியில்லாமலே உள்ளே அனுப்பும். கூடத்தில் உள்ள சின்னத் திரை அவற்றை எண்களாகக் காட்டும்.

"இதெல்லாம் எதற்கு? ரேடியோவிலும் கைப்பேசியிலும்தான் சொல்லிவிடுகிறார்களே!" என்று கேட்பீர்கள். சொல்கிறார்கள், ஆனால் உங்கள் தெருவைப் பற்றிச் சொல்வதில்லை. 2015 டிசம்பர் 1-ம் தேதி சென்னையைப் புரட்டிப் போட்ட மழையை யாரும் மறந்திருக்க முடியாது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழை, மீனம்பாக்கத்தில் 35 செ.மீ.; தாம்பரத்தில் 49 செ.மீ. ஒரே நாள், ஒரே மழை! மீனம்பாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே குடியிருப்பவர் எந்தக் கணக்கை நம்புவது?

உங்கள் வீட்டு மழையை நீங்களே அளந்து இரண்டு மழைக்காலம் குறித்து வைத்தீர்களானால், எவ்வளவு பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எவ்வளவு பெய்தால் அது வாசற்படி ஏறுகிறது என்பது தெரிந்துவிடும். கீழ் வீட்டில் படுத்திருக்கும் வயதான மாமியாரை எப்போது மாடிக்கு அழைத்துப் போகவேண்டும் என்று நடு இரவில் முடிவு செய்ய அந்த எண் உதவும். ஆனால் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் வைத்த கருவி, பெய்ததில் பாதியைத்தான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினால் என்ன ஆகும்?

வைரத் தோடு வேண்டாம் என்ற பெண்

அளவு கருவிகளின் யோக்கியதையைப் பற்றிப் பேசும்போது அன்னா மணியைச் சொல்லாமல் இருக்க முடியாது. கேரளத்துப் பீர்மேட்டில் 1918-ல் பிறந்தவர். எட்டாவது பிறந்த நாளுக்கு வைரத் தோடு தந்தபோது, "அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்ட குழந்தை அவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்தார், சர் சி. வி. ராமனின் ஆராய்ச்சிசாலையில் வேலை செய்தார். லண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றுத் திரும்பி, 1948-ல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வழி வகுத்தார். ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு அவர் மேற்பார்வையில் தரமான வரைபடங்கள் தயாராயின. தப்பான அளவு எடுப்பதைவிட, அளக்காமலே இருப்பது மேல் என்பது அவருடைய உறுதியான கொள்கை.

வீட்டுக் கருவிக்கும் அந்தக் கொள்கை பொருந்தும். நல்ல விலை கொடுத்து வாங்கிய கருவியைக்கூட இடம் கெடுத்துவிடும்.

ஆளுக்கு ஒரு யோசனை

கருவி வந்த அன்று வீட்டில் என்ன நடக்கும்? "பால்கனியில் மாட்டிவிடலாம், கைக்கு எட்டும்" என்பார் வீட்டுக்காரர். "தொட்டி உச்சியிலே வைக்கலாம் அப்பா, அங்கேதான் நல்ல காற்று!" என்பான் பிள்ளை. "துளசி மாடத்துக்குப் பக்கத்திலே வையேண்டா" என்பாள் பாட்டி.

பால்கனிக்குப் பாதி ஆகாயம்தான் சொந்தம். மேல் தளம் மழையை மறைக்கும். சுவர் பகலெல்லாம் குடித்த வெயிலைச் சாயங்காலம் முழுவதும் கக்கும். அங்கே வைத்த கருவி காற்றின் உஷ்ணத்தோடு சுவரின் உஷ்ணத்தையும் சேர்த்துச் சொல்லும்.

"வடக்குச் சுவரில் மாட்டினால் வெயிலே படாதே!" என்று சிலர் சொல்வதுண்டு. இது மேல்நாட்டுப் புத்தகத்தில் படித்த யோசனை. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை, உச்சி வேளையில்கூடச் சூரியன் தலைக்கு வடக்கேதான் இருக்கிறான். கத்திரி வெயில் காலத்தில் வடக்குச் சுவருக்கும் விமோசனம் கிடையாது.

தொட்டி உச்சி காற்றை அளக்க நல்ல இடம்தான். காற்றை அளக்கத் திறந்தவெளியில் 10 மீட்டர் உயரம் வேண்டும் என்பது நிபுணர்கள் வகுத்த விதி. ஆனால் மழைக்கு அந்த உயரம் சத்துரு. பலமான காற்று துளிகளைக் கருவியின் வாயில் விழவிடாமல் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் வானிலைத் துறையார் மழைமானியின் வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்குமாறு வைக்கிறார்கள்.

ஆகவே, பாட்டியைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம். அவள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கௌடில்யரின் அர்த்த சாஸ்திரமும், தானியக் கிடங்கின் முன்னால் ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரம் வைத்து மழையை அளக்கும்படிதான் சொல்கிறது. முற்றம் விசாலமாக இருந்தால் தரையே சிறந்த இடம். எவ்வளவு விசாலம்? பக்கத்தில் உள்ள சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு பங்கு தூரமாவது தள்ளி இருக்கவேண்டும். பதினைந்தடித் தென்னங்கன்றுக்கு முப்பதடி! பட்டணத்தில் அவ்வளவு முற்றத்துக்கு எங்கே போவது? மொட்டை மாடிக்குத்தான் ஏறியாகவேண்டும்.

வடாம் காயவைத்தவருக்குத் தெரியும்

மாடியில் எந்த இடம் என்பதை முடிவு செய்ய இன்ஜினீயரைக் கூப்பிட வேண்டியதில்லை. வருஷா வருஷம் வடாம் பிழிகிற அம்மாளைக் கேட்டால் போதும். தொட்டியின் நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழும், எந்தப் பக்கத்துக் காற்று துணியைச் சுருட்டும், எந்த மூலையில் காக்கை உட்காரும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அவளுடைய சாஸ்திரத்தோடு கீழ்க்கண்டவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஆறடியாவது தள்ளி, மாடியின் நடுப்பக்கமாக இடம் பார்க்கவேண்டும். சுவரில் மோதும் காற்று மேலே துள்ளிச் சுழல்வதால் ஓரம் உதவாது. தொட்டி எட்டடி உயரமானால் அதிலிருந்து பதினாறடி விலகல் வேண்டும்.

மாடித் தளம் வெயிலில் தோசைக்கல்தான். தரையை ஒட்டி வைத்தால் உஷ்ணமானி அந்தச் சூட்டைத்தான் சொல்லும். தளத்திலிருந்து ஐந்து அல்லது ஆறடி உயரம் இருக்கட்டும். வானிலை நிலையங்களில் காற்றோட்டத்துக்கு இடுக்கு வைத்த வெள்ளை மரப்பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். உஷ்ணமானி அதற்குள்தான் இருக்கும். அந்தப் பெட்டியை அமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்ஸன் என்ற ஸ்காட்லாந்துக் கலங்கரை விளக்க இன்ஜினீயர். 'புதையல் தீவு' எழுதிய கதாசிரியரின் தகப்பனார்! வீட்டுக் கருவியில் வெள்ளைத் தட்டுகளை அடுக்கினாற்போல் இருக்கும் பாகத்துக்கும் அதே வேலைதான். அதை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றிவிடாதீர்கள்.

குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்பாகம், சமையலறைப் புகைபோக்கி, துணி காயும் கொடி, மூன்றும் எட்டவே இருக்கட்டும். ஈரப் புடைவைக்குப் பக்கத்தில் வைத்தால், சித்திரை மாதத்திலும் கருவி ஐப்பசி மாதத்து ஈரத்தைக் காட்டும்.

எல்லாப் பாகமும் ஒரே கம்பத்தில் வருகிற கருவியாக இருந்தால் மழைக்கும் உஷ்ணத்துக்கும் ஏற்ற இடத்தையே கொடுங்கள். காற்றின் வேகம் கொஞ்சம் குறைத்துக் காட்டினால் குடி முழுகிவிடாது. ஆறடி உயரத்தில், காற்றோடு அடிக்கிற மழையிலும் சிறிது குறையும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கம்பம் நடும் முன்

தளத்தில் துளை போடாதீர்கள். மழையை அளக்கப் போய் மழையைப் படுக்கையறைக்குள் வரவேற்றதாகிவிடும். காலியான பெரிய பெயிண்ட் டப்பாவில் கம்பத்தை நிறுத்திக் காங்கிரீட் போட்டு இறுகவிட்டால் ஆடாமல் நிற்கும். ஆடாமல் நிற்பது முக்கியம். கருவிக்குள் மழையை அளப்பது ஒரு சின்ன ஏற்றப்பலகை. தண்ணீர் நிரம்பினால் ஒரு பக்கம் சாயும், மறுபக்கம் நிமிரும். கம்பம் அதிர்ந்தால் வெறும் வானத்திலேயே மழை பெய்ததாகக் கணக்கு ஏறும்!

மின்சாரக் கம்பிகள் பக்கமே போகவேண்டாம். கம்பத்தை வீட்டிலேயே மிக உயரமான பொருளாக்கி இடியை அழைக்கவும் வேண்டாம். இடி முழங்கும்போது கருவியைப் பார்க்க யாரும் மாடி ஏறக்கூடாது. கூடத்தில் திரை இருப்பதே அதற்காகத்தான்.

கம்பத்தை நிலையாக நிறுத்துவதற்கு முன் ஒரு நாள் சும்மா வைத்துப் பாருங்கள். இடையில் காங்கிரீட் சுவர்கள் அதிகமாக இருந்தால் செய்தி உள்ளே வந்து சேராது.

எவர்சில்வர் பரீட்சை

கருவி மெய் சொல்கிறதா என்று அறிய அடுக்களையிலேயே சாதனம் இருக்கிறது. அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கங்கள் நேராக உள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றை, திறந்த இடமாகப் பார்த்துக் கருவிக்கு அருகில் வையுங்கள். குடம், குண்டான் உதவாது. மழை விட்டதும் பள்ளிக்கூட ஸ்கேலால் தண்ணீரின் ஆழத்தைப் பாருங்கள். 2 செ.மீ. ஆழம் என்றால் 20 மில்லிமீட்டர் மழை. கருவியின் கணக்கும் ஏறக்குறைய அதுவானால் இடம் சரி. மிகவும் குறைந்தால், புனலில் வேப்பிலை அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடைப்பு இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள்.

இடம் சரியென்று தெரிந்தபிறகு நகர்த்தவே கூடாது. இந்த வருஷம் நடுவிலும் அடுத்த வருஷம் மூலையிலும் வைத்து அளந்தால், மாறியது வானமா இடமா என்று யாராலும் சொல்ல முடியாது.

பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதும் நோட்டில் இன்னும் ஒரு பத்தி கோடு போடுங்கள். வானிலைத் துறையார் மழை நாளைக் காலை 8-30 மணியிலிருந்து மறுநாள் காலை 8-30 வரை கணக்கிடுகிறார்கள். நீங்களும் அப்படியே செய்தால் ஒப்பிட வசதி. தெருவில் தண்ணீர் நின்ற நாளில் எண்ணுக்குப் பக்கத்தில் எதுவரை வந்தது என்று ஒரு வார்த்தை எழுதி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை இரண்டு முறை வந்து போகட்டும். பிறகு, "இந்த மழைக்கு நம் தெருவில் தண்ணீர் வருமா?" என்று அக்கம்பக்கத்தார் உங்களைத்தான் வந்து கேட்பார்கள்.