பேசாத பிள்ளைக்குக் களிமண்

போர் பார்த்த பிள்ளை களிமண்ணை எடுக்கிறது. உருட்டுகிறது, தட்டுகிறது. ஒரு வீடு எழும்புகிறது. சட்டென்று உள்ளங்கையால் நசுக்கிவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் பெரியவர் "ஏன் மகள் உடைச்சீங்க?" என்று கேட்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் மண் குழைத்து நீட்ட வேண்டும், அவ்வளவுதான்.

விளையாட்டில் பிள்ளைதான் முன்னே போக வேண்டும், பெரியவர் பின்னே வர வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-இல் எழுதினார். அந்த அறிவு மட்டக்களப்பு வாவிக்கரையில் வேர்பிடிக்கக் காரணமானவர்களில் முதன்மையானவர், இயேசு சபைத் துறவியும் உளவியலாளருமான போல் சற்குணநாயகம் அடிகளார்.

பிட்டும் தேங்காய்ப்பூவும்போல் தமிழரும் முஸ்லிம்களும் வாழ்ந்த மண் இது. 1990 அதைக் கிழித்துப்போட்டது. ஆகஸ்ட் 3-இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 9-இல் சத்துருக்கொண்டானில் தமிழர்கள், குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டார்கள். இடையே ஆகஸ்ட் 15-இல், புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கிய யூஜின் ஹேபியர் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமல்போனார். அவரும் இயேசு சபையவர். இப்படிச் சற்குணநாயகம் அடிகளாரின் சொந்தச் சபைக்குள்ளும் இழப்பு நுழைந்திருந்தது.

பெரியவர்களுக்கு உளவளத்துணை கொடுத்துவந்த அவர், பிள்ளைகளை நாற்காலியில் இருத்திக் கேள்வி கேட்டுப் பயனில்லை என்பதை அறிந்திருந்தார். 1996-இல் கனடியக் கலைஞர் போல் ஹோகனோடு சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் போர்க்காலப் பிள்ளைகளைப் பற்றிச் செய்த ஆய்வு அதற்கு வித்திட்டிருந்தது. தமிழ்க் கிராமப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமப் பிள்ளைகளும் வாரம் ஒரு நாள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மரநிழல், களிமண், வர்ணம், கதை, நாடகம். கூட இருந்து நடத்தியவர்கள் இந்த ஊர் இளைஞர்கள். அதே போரில் வளர்ந்தவர்கள்.

தமிழ், முஸ்லிம் ஊர்கள் பிரிந்து, கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் நடுவே வாவியும் எல்லையாகிப்போன காலம் அது. மறுபக்கத்துப் பிள்ளையின் பெயர் தெரியாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிடும் ஆபத்து இருந்தது. பூங்காவுக்கு வந்த பிள்ளைகள் அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டார்கள், கூப்பிட்டு விளையாடினார்கள். அடிகளாரின் பணியில் நான் முதலாவதாக வைப்பது இதைத்தான்.

2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கிய பிறகு 'உளவளத்துணை' என்ற சொல் இங்கே வீடுவீடாகப் போனது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூர் இளைஞர்கள் பிள்ளையின் மௌனத்துக்குப் பக்கத்தில் பொறுமையாக உட்காரப் பழகியிருந்தார்கள். நம் பாடசாலைகளின் நேரசூசியில் அந்தப் பொறுமைக்கு வாரம் ஒரு பாடவேளையாவது ஒதுக்க வேண்டும். பரீட்சைப் புள்ளி அதற்குக் கிடையாது. ஆனாலும் பிள்ளை அந்தப் பாடவேளைக்காகக் காத்திருக்கும்.