கப்பலானாலும் விமானமானாலும் கணக்கு ஒன்றே

செகண்ட் ஹேண்ட் வேனோ லாரியோ வாங்குமுன், நம் துறைமுகம் கண்ட அனுபவம் ஒன்றை நினைத்துப் பார்ப்போம்.

1906இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். முதலில் வாடகைக் கப்பல்தான். ஆங்கிலக் கம்பெனியின் நெருக்குதலால் கப்பல் தந்தவர்கள் அதைத் திரும்பப் பெற்றனர். 1907இல் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் சொந்தமாக வந்தன. போட்டிக் கம்பெனியோ கொழும்புக் கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கியது. 1908இல் வ.உ.சி. சிறை சென்றார்; 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது. கப்பல் வாங்கப் பணம் திரண்டது; நட்டத்தைத் தாங்கி ஓட்டப் போதவில்லை.

இன்று பெரிய நிறுவனங்கள் வாங்கும் பழைய நடுத்தர ஜெட் விமானத்துக்கும் இதே கணக்குத்தான். என்ஜின் ஓடிய மணிநேரம், பராமரிப்புப் பதிவேடு இவற்றை வெளிப் பொறியாளர் சரிபார்த்த பிறகே விலையை முடிப்பார்கள். விமானம் பறக்காமல் நின்றாலும் விமானி சம்பளம், இன்சூரன்ஸ், நிறுத்துமிட வாடகை, குறித்த காலச் சோதனை எதுவும் நிற்காது.

ஆகவே, மாதத்தில் எத்தனை நாள் வண்டி தேவை என்று முதலில் எழுதிப் பாருங்கள். சில நாள்தான் என்றால் வாடகையே மேல். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். சொந்தமாக வாங்குவோர், விலை போக ஓராண்டு ஓட்டச் செலவையும் தனியே எடுத்து வையுங்கள்.