மணிலாக்காயை உலர்த்தும் முறையும் அதன் மாவின் தரமும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் மல்லாட்டை என வழங்கும் மணிலாக்கொட்டை பெரும்பாலும் எண்ணெய்க்காகவே பயிராக்கப்படுகிறது. திண்டிவனத்தின் பெயரைத் தாங்கிய டி.எம்.வி. 2 (1940), டி.எம்.வி. 7 (1967) ஆகிய இரகங்கள் பலரும் அறிந்தவை. எண்ணெயைப் போலவே கருதத்தக்கது இதன் புரதச் சத்தாகும். பருப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 25 பங்கு புரதம் உண்டு. எண்ணெய் நீக்கிய மாவில் அது 50 பங்கு வரை உயரும். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் இம்மாவில் முக்கால் பங்கும் கொண்டைக்கடலை மாவில் கால் பங்கும் கலந்து சத்துணவு ஒன்றை வகுத்தனர். இத்தகைய மாவின் தரம் ஆலைக்குச் செல்லுமுன் குடியானவரின் களத்திலேயே பெரிதும் தீர்மானமாகிறது.

புதிதாகப் பிடுங்கிய காயில் நூற்றுக்கு 35 முதல் 50 பங்கு ஈரம் இருக்கும். இது 8 அல்லது 9 பங்காகக் குறையத் தாமதமாயின் பூஞ்சணம் பற்றும். 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. தீவனத்திற் சேர்ந்த மணிலாப் பிண்ணாக்கில் விளைந்த பூஞ்சண நஞ்சே காரணமெனப் பின்னர் கண்டு, அதற்கு அப்லடாக்ஸின் எனப் பெயரிட்டனர். இந்நஞ்சு ஈரலைக் கெடுப்பது. வேகவைப்பதாலும் வறுப்பதாலும் முற்றும் அழியாதது. ஆட்டும்போது இதன் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்குவதால், மாவை உண்போருக்கும், கறவை மாடு தின்னின் பாலின் வழியே குழந்தைகளுக்கும் தீங்கு நேரும்.

ஈரச் செடிகளைக் காயோடு போராகக் குவிப்பது எல்லாவற்றிலும் கேடான முறை. உள்ளே காற்றின்றி வெப்பம் ஏறிப் பூஞ்சணம் செழிக்கும். காய்கள் மேல்நோக்க, வேர்ப்புறம் வெயிலில் படும்படி செடிகளைக் கவிழ்த்து வரிசையாக இடுவது நன்று. பின்னர் காய்களை ஆய்ந்து, சுத்தமான களத்தில் மெல்லிய படலமாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, மாலையில் பனிபடாமல் மூடிவைத்தல் வேண்டும். ஐப்பசி மழையில் அறுவடை நேரின் தார்ப்பாயும் கூரையும் முன்னதாகவே ஆயத்தமாயிருத்தல் அவசியம்.

விரைவு வேண்டி மிகுந்த வெப்பத்தைப் பயன்படுத்துவதும் தவறாகும். சூடான காற்றால் உலர்த்துவோர் 35 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்செல்லலாகாது. மிகின் செந்தோல் கழன்று, பருப்பு பிளந்து, சுவை கெடும். மாவாக்கும்போது கடுஞ்சூடு பட்டால் புரதம் நீரிற் கரையுந்தன்மை குறையும். லைசின் என்னும் அமினோ அமிலமும் சர்க்கரையோடு கூடிப் பயனிழக்கும். மாவின் பழுப்பு நிறமே இதற்கு ஓர் அறிகுறி.

காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென ஒலிப்பதும், தேய்த்தால் செந்தோல் எளிதில் உரிவதும் நன்கு உலர்ந்ததற்கு அடையாளங்கள். சுருங்கியதும் நிறம் மாறியதும் பூத்ததுமான பருப்புகளைப் பொறுக்கி நீக்கி, அவற்றைத் தீவனத்திற்கும் சேர்க்காது அழித்துவிட வேண்டும். சாக்குகளைத் தரையில் வையாது பலகைமேல் அடுக்குதல் நலம். களத்தில் சில நாள் கொள்ளும் இக்கவனம், காயின் விலையையும் அதை உண்போர் உடல்நலத்தையும் ஒருங்கே காக்கும்.