குழந்தை பேசும்போது உங்கள் கண் எங்கே இருக்கிறது?

‘எப்போ பார்த்தாலும் போனை நோண்டிக்கிட்டே இருக்கான்’ என்று பிள்ளைகளைப் பற்றிப் புலம்பாத பெற்றோர் குறைவு. ஆனால், 2018-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இதே புகாரைச் சொன்னவர்கள் பிள்ளைகள். ‘போனை வைத்துவிட்டு எங்களோடு விளையாடுங்கள்’ என்று பெற்றோரிடம் கேட்டு, 7 வயதுச் சிறுவன் ஒருவனின் முயற்சியில் ஊர்வலமே நடந்தது.

அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதி உணவகங்களில், பிள்ளைகளோடு சாப்பிட வந்த 55 பெரியவர்களை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். 40 பேர் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்தார்கள். அதில் மூழ்கியவர்களைத் தம் பக்கம் திருப்பச் சில பிள்ளைகள் சேட்டை செய்ய, கிடைத்தது அதட்டல்தான். 2014-ல் வெளியான ஆய்வு இது.

பாதியில் நின்ற பேச்சு

2017-ல் வெளியான மற்றோர் ஆய்வில், 2 வயதுக் குழந்தைகளுக்கு அம்மாக்கள் இரண்டு புதிய வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். தடங்கல் இல்லாமல் சொன்ன வார்த்தையைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் போன் வந்து அம்மா பேசப்போன வார்த்தை மனதில் நிற்கவில்லை. இத்தனைக்கும் இரண்டையும் சம எண்ணிக்கையில்தான் சொல்லியிருந்தார்கள்.

குழந்தை காதால் மட்டும் கற்பதில்லை, முகத்தைப் பார்த்தும் கற்கிறது. 1970-களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் செய்த பரிசோதனையில், கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா திடீரென முகத்தில் எந்த உணர்வும் காட்டாமல் இருந்தார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கை நீட்டிப் பார்த்தது. பலனில்லாமல் போகவே முகத்தைத் திருப்பிக்கொண்டது. போன் திரையைப் பார்க்கும் முகமும் குழந்தைக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும்.

என்ன செய்யலாம்?

ஆபீஸ் வேலை, ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப், பில் கட்டுவது என எல்லாமே போனில் இருக்கும்போது அதை ஒதுக்கிவிட முடியாது. சில நேரங்களை மட்டும் ஒதுக்கலாம்.

* பிள்ளை பள்ளி விட்டு வந்ததும் முதல் 15 நிமிடங்கள் போன் வேறு அறையில் இருக்கட்டும்.

* சாப்பிடும்போதும் தூங்கவைக்கும்போதும் போன் வேண்டாம். இந்த விதி தாத்தா, பாட்டி உட்பட எல்லோருக்கும் பொது.

* அவசரமென்றால், ‘ஆபீஸ்ல இருந்து மெசேஜ், அஞ்சு நிமிஷத்துல வர்றேன்’ என்று சொல்லிவிட்டு எடுங்கள். சொன்னபடி திரும்பி வாருங்கள்.

* திரும்பி வந்ததும், ‘என்னமோ சொல்லிட்டிருந்தியே, என்னடா கண்ணு?’ என்று நீங்களே கேளுங்கள். விட்ட இடத்திலிருந்து பிள்ளை தொடரும்.