இளைஞரும் வாய்ப்புற்றும்

புற்றுநோய் முதியோரின் நோய் என்பது பொதுவான எண்ணம். நம் நாட்டிலோ நாற்பது வயது நிரம்பாதவர்க்கும் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் அது காணப்படுகிறது. புகையிலையும், அது கலந்த குட்காவும், பான் மசாலாவும் இதற்குத் தலையாய காரணங்கள். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை விளைவிக்க வல்லதென்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அறிவித்துள்ளது.

இந்நோய் கண்ட இளைஞர் பிழைப்பது எதனைப் பொறுத்தது? வயதை அன்று. ஒரே கட்டத்தில் நோயுற்ற இளைஞரையும் முதியோரையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில், இளமை தனியொரு கேடாகத் தோன்றவில்லை. புண் எவ்வளவு ஆழம் இறங்கியது, கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களை நோய் எட்டியதா என்பவையே பெரிதும் முடிவு செய்கின்றன. கணுக்களை எட்டிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகிறது.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனை விளக்கும். தொடக்க நிலை வாய்ப்புற்று உடையோரில் ஒரு சாரார்க்கு, வாய்க்கட்டியுடன் கழுத்துக் கணுக்களையும் முதலிலேயே அகற்றினர். மறுசாரார்க்கு, கணுக்களில் நோய் தோன்றிய பின்னரே அவற்றை அகற்றினர். மூன்றாண்டு கழித்து உயிருடன் இருந்தோர் முதற் சாராரில் 80 விழுக்காடு, மறுசாராரில் 67.5 விழுக்காடு.

அடுத்தது, சிகிச்சையை முற்றுவித்தல். அறுவைக்குப் பின் கதிர்வீச்சுத் தேவைப்படுவோர் வாரம் ஐந்து நாளாக ஆறு வாரமளவு செல்ல நேரும். இடையில் நிறுத்தினால் எஞ்சிய நோயணுக்கள் மீண்டும் பெருகும். புகையிலையை விடாதவர்க்குச் சிகிச்சையின் பலன் குறையும். இரண்டாவது புற்றுக்கும் இடமுண்டு.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இங்கேதான் இடர். விடுப்புக் கிடைக்காது, மருத்துவரிடம் பேச மொழி வராது, ஊருக்குப் போகும்போது காட்டிக்கொள்ளலாம் என்று மாதங்கள் கழிகின்றன. அம்மாதங்களில்தான் புண் ஆழம் இறங்குகிறது. மொழி தெரிந்த நண்பர் ஒருவரை உடனழைத்துச் செல்வது இழுக்கன்று. சொந்த ஊரில் சிகிச்சை பெற விரும்புவோர், சோதனை முடிவுகளைக் கையோடு கொண்டு, தாமதமின்றிப் புறப்படுதல் வேண்டும்.

இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பதில் இறுக்கம், கழுத்தில் நெறிகட்டுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் பல் மருத்துவரையேனும் அணுகுங்கள். வலியில்லை என்பதற்காக வாளாவிருத்தல் கூடாது. தொடக்கத்தில் இந்நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை.