மேஜைமேல் இருக்கும் டெலிபோனுக்கு எத்தனை வித்தை தெரியும்?

அலுவலகத்தில் மேஜைக்கு மேஜை டெலிபோன் இருக்கிறது. அதில் பெரும்பாலோர் செய்வது மூன்றே காரியம்: மணி அடித்தால் எடுப்பது, 0 போட்டு வெளி லைன் பிடிப்பது, 9 போட்டு ஆபரேட்டரைக் கூப்பிடுவது. அந்தக் கருவிக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டிக்கோ டஜன் கணக்கில் வித்தைகள் தெரியும். காசு கொடுத்து வாங்கியாகிவிட்டது, உபயோகிக்கத்தான் ஆளில்லை.

"பைக்குப் பை மொபைல் வந்த பிறகு இது எதற்கு ஸார்?" என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். நம் மும்பைத் தமிழர்களில் எத்தனையோ பேர் சுத்திகரிப்பு ஆலை, பாதுகாப்புத் துறை, கால் சென்டர் என்று வேலை பார்க்கிறார்கள். அங்கெல்லாம் மொபைலை வாசலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போகவேண்டிய பகுதிகள் உண்டு. ஊரிலிருந்து அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தால் மேஜை டெலிபோன்தான் கதி. அது போகட்டும். நாம் குடியிருக்கும் சொசைட்டியில் இன்டர்காம் என்று வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கிறார்களே, அதுவும் பெரும்பாலும் இதே பெட்டிதான். ஆகவே இது எல்லோருக்கும் வேண்டிய விஷயம்.

ரயில்வேயில் சிக்னல், டெலிகாம் இலாகாவில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் காலம் தள்ளியவன் என்ற முறையில், தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெட்டி வந்த கதை

ஆபரேட்டர் இல்லாமல் தானாக இணைக்கும் எக்ஸ்சேஞ்சுக்கு 1891இல் பேடண்ட் வாங்கியவர் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்ற அமெரிக்கர். அவர் எஞ்சினியர் அல்ல. சவ அடக்கத் தொழில் செய்தவர். தனக்கு வரவேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறாரே என்ற கோபத்தில் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். நம் நாட்டில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1913-14இல் சிம்லாவில் வந்தது. 700 லைன் கொண்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ரயில்வே எக்ஸ்சேஞ்சுகளில் இந்த ஸ்ட்ரௌஜர் ரகம்தான் ஓடிக்கொண்டிருந்தது. டயலைச் சுற்றினால் அடுத்த அறையில் 'கடகட' என்று சத்தம் கேட்கும். வினாடிக்குப் பத்து துடிப்பு. 0 என்றால் பத்து துடிப்பு. 1984இல் சி-டாட் நிறுவனம் தொடங்கி, 128 முனை கொண்ட எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் நம் நாட்டிலேயே தயாரான பிறகு அந்தச் சத்தம் மெல்ல அடங்கிப்போயிற்று. இப்போது பல இடங்களில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிலேயே ஓடும் ஐ.பி. டெலிபோன் வந்துவிட்டது. உடம்பு மாறினாலும் வித்தைகள் பெரும்பாலும் அவையேதான்.

நூறு பேர் உள்ள அலுவலகத்துக்கு நூறு வெளி லைன் வேண்டாமா? வேண்டாம். அதற்குக் கணக்கு இருக்கிறது. எர்லாங் என்ற டென்மார்க்குக்காரர் 1909லேயே இந்தக் கணக்கைத் தொடங்கிவைத்தார். மிக மும்முரமான ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு மூன்று நிமிஷம் வெளியே பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 300 நிமிஷம், அதாவது சராசரியாக எந்த நேரமும் ஐந்து பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். பதினொரு லைன் இருந்தால், நூறு தடவை முயன்றால் சராசரியாக ஒரு தடவைக்கும் குறைவாகத்தான் 'எங்கேஜ்டு' வரும். இப்படி லைனைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான் பெட்டி.

ஃப்ளாஷ் என்ற மந்திரச்சாவி

டெலிபோனில் 'ஃப்ளாஷ்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் லைனில் ஓடும் மின்சாரம் ஒரு வினாடிக்கும் குறைவான நேரம் அறுந்து மறுபடி சேரும். "பேசுகிறவர் வைத்துவிடவில்லை, ஏதோ கேட்கிறார்" என்று பெட்டி புரிந்துகொண்டு, பேசிக்கொண்டிருந்தவரை ஓரமாக நிறுத்திவைத்துவிட்டு, நமக்கு மறுபடியும் டயல் டோன் கொடுக்கும். பட்டன் இல்லாத கருவியில் ரிசீவர் வைக்கும் கொக்கியைச் சட்டென்று தட்டினால் அதே வேலை நடக்கும். அதிக நேரம் அழுத்திவிட்டால் இணைப்பே போய்விடும்.

டிரான்ஸ்ஃபர் செய்வது இதை வைத்துத்தான். ஃப்ளாஷ், பிறகு யாருக்கு வேண்டுமோ அவருடைய எண். மணி அடித்ததும் நாம் வைத்துவிட்டால் ஒரு ரகம். அவர் எடுத்த பிறகு, "மதுரையிலிருந்து உங்கள் தங்கை பேசுகிறார்கள்" என்று சொல்லிவிட்டு வைப்பது இன்னொரு ரகம். இரண்டாவதுதான் நல்லது. முதல் ரகத்தில் அவர் இடத்தில் இல்லாவிட்டால், அங்கே ஆளில்லாத மேஜையில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஊரிலிருந்து பேசுகிறவர் அலைந்து திரிந்து கடைசியில் வைத்துவிடுவார். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது யாருக்கும் தெரியாது.

மூன்று பேர் சேர்ந்து பேசவும் ஃப்ளாஷ்தான் வழி. முதல் ஆளை நிறுத்திவைத்து, இரண்டாவது ஆளைக் கூப்பிட்டு, கான்ஃபரன்ஸுக்கு உரிய எண்ணை அழுத்தவேண்டும்.

தெரிந்துகொள்ள வேண்டிய இன்னும் சில

கால் பிக்கப்: பக்கத்து மேஜையில் மணி அடிக்கிறது, அவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். எழுந்து ஓட வேண்டாம். நம் டெலிபோனிலேயே இரண்டு மூன்று இலக்கம் அழுத்தினால் அந்த அழைப்பு இங்கே வந்துவிடும். இரண்டு பேரும் ஒரே குழுவில் போடப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆட்டோ கால் பேக்: கூப்பிட்டவர் எங்கேஜ்டு. திரும்பத் திரும்ப டயல் செய்யாமல், இதற்கான எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிடலாம். அவர் ரிசீவரை வைத்ததும் நமக்கு மணி அடிக்கும். எடுத்தால் அவருக்கு அடிக்கும்.

ஹண்டிங்: ஒரே எண்ணுக்கு வரும் அழைப்பு, முதல் ஆள் பேசிக்கொண்டிருந்தால் அடுத்தவருக்கு, அவரும் இல்லையென்றால் அதற்கடுத்தவருக்கு என்று தேடிப்போவது. ஆஸ்பத்திரி விசாரணைப் பிரிவு போன்ற இடங்களுக்கு இது அவசியம்.

கால் ஃபார்வர்ட்: இதில் மூன்று வகை. எல்லா அழைப்பும் வேறிடம் போவது, எங்கேஜ்டானால் மட்டும் போவது, எடுக்காவிட்டால் மட்டும் போவது. இடத்தை விட்டு அடிக்கடி எழுந்து போகிறவர்களுக்கு மூன்றாவதே உத்தமம். முதல் வகையைப் போட்டுவிட்டு ஒரு வாரம் லீவில் போனால், திரும்பி வந்ததும் ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்யாதவர் டெலிபோன் ஊமையாகவே கிடக்கும். "எனக்கு யாருமே போன் செய்வதில்லை" என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

ஃபார்வர்ட் பற்றிச் சொல்லும்போது மொபைலுக்கும் ஒரு வார்த்தை. "உங்கள் சிம்மில் கோளாறு, *401# என்று தொடங்கி இந்த எண்ணைப் போடுங்கள்" என்று முன்பின் தெரியாதவர் சொல்லி, நம் அழைப்புகளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்ட மோசடிகள் நடந்தன. பாஸ்வேர்டு சொல்லும் அழைப்பும் அவனுக்கே போய்விடும். இதனால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் அந்த முறை ஃபார்வர்டை நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று எந்த எண்ணையும் டயல் செய்யாதீர்கள்.

இந்த வசதிகளுக்கான எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியைப் பராமரிப்பவரிடம் ஒரு பக்கத்தில் எழுதி வாங்கி, ஜெராக்ஸ் எடுத்து மேஜைக்கு மேஜை ஒட்டிவிடுங்கள்.

திருடனுக்கும் திறக்கும் கதவு

'டைசா' என்றொரு வசதி உண்டு. வெளியிலிருந்து அலுவலகத்துக்கு டயல் செய்து, பாஸ்வேர்டு போட்டால், அலுவலக லைன் வழியாகவே வேறு எங்கும் பேசலாம். பில் அலுவலகத்துக்கு. அதிகாரிகள் வீட்டிலிருந்து பேசுவதற்காக வந்த ஏற்பாடு. தொழிற்சாலையிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்தால், எவனோ ஒருவன் அதைக் கண்டுபிடித்து, ஆளில்லாத சனி, ஞாயிறு ராத்திரிகளில் வெளிநாட்டுக்குப் பேசித் தீர்த்துவிடுவான். உலகம் முழுவதும் நடந்துள்ள திருட்டு இது. வேண்டாத டைசாவை மூடச் சொல்லுங்கள். வேலை நேரம் முடிந்த பின் ஐ.எஸ்.டி.யைப் பூட்டச் சொல்லுங்கள். மாதாமாதம் அழைப்புப் பட்டியலை ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும்.

உயிர் போகிற விஷயம்

நிற்க. இதுவரை சொன்னது சௌகரியம். இனிச் சொல்வது அப்படியல்ல.

2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸில், மார்ஷல் என்ற ஊரிலுள்ள ஹோட்டல் அறையில் கேரி ஹண்ட் என்ற பெண், பிரிந்து வாழ்ந்த கணவனால் கத்தியால் குத்தப்பட்டார். கூட இருந்த ஒன்பது வயது மகள், சொல்லிக்கொடுத்தபடியே 911 என்று டயல் செய்தாள். ஒரு தடவை அல்ல, நான்கு தடவை. இணைப்பு கிடைக்கவில்லை. அந்த ஹோட்டலில் வெளி லைனுக்கு முதலில் 9 போடவேண்டும். குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? தாய் இறந்துபோனார். அவருடைய தகப்பனார் விடாமல் போராடியதன் பலனாக 2018இல் 'கேரி சட்டம்' வந்தது. 2020 பிப்ரவரி 16க்குப் பிறகு அங்கே நிறுவப்படும் அலுவலக, ஹோட்டல் டெலிபோன்களில் முன்னால் எந்த எண்ணும் இல்லாமல் நேராக 911 போகவேண்டும். போனது என்ற தகவல் வரவேற்பறை போன்ற ஓரிடத்துக்கும் தெரியவேண்டும்.

நம் நாட்டில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் பொதுவான எண் 112. உங்கள் அலுவலக மேஜையிலிருந்து 112 போட்டால் என்ன ஆகும்? பல இடங்களில் 0 போடாமல் போகாது. இன்னொரு விபரீதமும் உண்டு. இன்டர்காம் எண்கள் 101, 102 என்று தொடங்கும் இடங்களில் 112 என்பதே யாரோ ஒருவருடைய எண்! ஓய்வு பெற்ற பிறகு நண்பர் ஒருவரின் சொசைட்டியில் பெட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். வெளி லைனும் இணைக்கப்பட்ட பெட்டி அது. 112 போட்டால் முதல் மாடியில் ஒருவர் வீட்டில் மணி அடிக்கிறது! அந்த வீட்டில் பகலில் ஆளே கிடையாது. தீ விபத்தின்போது பதற்றத்தில் அந்த எண்ணைப் போடுகிறவர் கதி என்ன?

சரிசெய்வது கஷ்டமே இல்லை. அந்த வீட்டு எண்ணை மாற்றிவிட்டு, 112 வந்தால் நேராக வெளி லைனுக்கு அனுப்பு என்று பெட்டிக்குள் எழுதவேண்டும். பராமரிப்பவருக்குச் சிறிது நேர வேலை. சரிபார்க்கிறேன் என்று ஆளாளுக்கு 112ஐக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாமல், அதையும் அவர் பொறுப்பிலேயே விடுங்கள். வெளி லைனே இல்லாத வெறும் இன்டர்காம் என்றால், 112 காவலாளி அறைக்குப் போகும்படி செய்யலாம்.

இணைப்பு கிடைத்தாலும், அலுவலகத்திலிருந்து போகும் அழைப்பு கட்டிடத்தின் பொது விலாசத்தைத்தான் காட்டக்கூடும். எத்தனாவது மாடி, எந்த அறை என்று வாயால் சொல்லவேண்டும்.

மின்சாரத்தையும் கவனியுங்கள். பெட்டிக்கு பேட்டரி இல்லையென்றால் கரண்ட் போனதும் எல்லா டெலிபோனும் செத்துவிடும். சாதாரண வெளி லைன் உள்ள பெட்டிகள் பலவற்றில், கரண்ட் போனால் ஒன்றிரண்டு டெலிபோன்களை நேராக வெளி லைனோடு சேர்த்துவிடும் வசதி உண்டு. அது எந்த டெலிபோன் என்று முன்கூட்டியே கேட்டு, அதன்மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். ஐ.பி. டெலிபோனுக்கு இந்தத் தப்பிக்கும் வழி கிடையாது, யு.பி.எஸ். இருந்தால்தான் உயிர்.

வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு

பிள்ளையும் மருமகளும் வேலைக்குப் போனபின், ஊரிலிருந்து வந்த அம்மா வீட்டில் தனியாக இருக்கிறார். ஹிந்தியோ மராட்டியோ தெரியாது. நெஞ்சு வலிக்கிறது. மொபைல் எங்கே வைத்தார் என்று நினைவில்லை. நினைவிருந்தாலும் கண்ணாடி இல்லாமல் எண் தெரியாது.

இவருக்காகவே ஒரு வித்தை இருக்கிறது: ஹாட்லைன். ரிசீவரை எடுத்துச் சில வினாடிகள் ஒன்றும் அழுத்தாமல் இருந்தால், பெட்டி தானாகவே காவலாளி அறைக்கு மணி அடிக்கும். அங்கே எண் காட்டும் கருவி ஒன்று வைத்தால் எந்த வீடு என்று தெரிந்துவிடும். அம்மா எந்த பாஷையிலும் பேசவேண்டியதில்லை. "இந்த வீட்டிலிருந்து மணி அடித்து யாரும் பேசாவிட்டால் உடனே மேலே ஓடு, இந்த மொபைலுக்கும் சொல்லு" என்று காவலாளியிடம் சொல்லி, எழுதியும் ஒட்டிவிட்டால் போதும். எண் அழுத்துகிறவர்களுக்கு இன்டர்காம் வழக்கம்போல வேலை செய்யும்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் சொசைட்டிக் கமிட்டிகளில் நம்மவர்கள் இருக்கிறார்கள். அடுத்த மீட்டிங்கில் இரண்டே கேள்வி கேளுங்கள்: நம் இன்டர்காமில் 112 போட்டால் எங்கே போகிறது? தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஹாட்லைன் போட்டுத்தர முடியுமா? பெட்டி நல்ல ரகமாக இருந்தால் இரண்டுக்கும் புதிதாக எதுவும் வாங்கவேண்டியிருக்காது. பிறகு மறக்காமல் அம்மாவை உட்காரவைத்து, ரிசீவரை ஒருமுறை எடுத்துக் காத்திருக்கச் சொல்லி, கீழே மணி அடிக்கிறதா என்று அவர் காதாலேயே கேட்கவையுங்கள்.